கடைசிப் பதினாறு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்: சில திரில்லர் நாவல்கள்

கிளிநொச்சியில் பஸ் ஏறினால் வவுனியாவுக்குச் சுமார் இரண்டு மணித்தியாலம். நூறு பக்க மாத நாவல் ஒன்று அதற்குள் முடிந்துவிடும். இங்கே திரில்லர் என்றால் பலருக்கு இன்னமும் அந்த அளவுதான்: ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி என்ற துப்பறியும் ஜோடிகள். அவர்களை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் "புதுசா ஏதும் இருக்கோ?" என்று கேட்கிறவருக்கு அதே அடுக்கைத் திரும்பக் காட்டுவதும் சரியில்லை.

முதலில் எடுக்கவேண்டியது அமண்டா ஜயதிஸ்ஸ. இலங்கை எழுத்தாளர், ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2021இல் வந்த அவருடைய முதல் திரில்லர் ‘மை ஸ்வீட் கேர்ள்’. இரத்மலானையில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கத் தம்பதியருக்குத் தத்துப்போன பெண் பலோமா. சான் பிரான்சிஸ்கோவில் தன்னுடைய அறையைப் பகிர்ந்திருந்தவன் செத்துக் கிடப்பதைக் காண்கிறாள். பொலிஸ் வந்து பார்த்தால் உடலைக் காணவில்லை. கதை இரண்டு தண்டவாளத்தில் போகிறது: இன்றைய அமெரிக்கா ஒன்று, அன்றைய இரத்மலானை மற்றது. ராஜேஷ்குமார் வாசித்தவர்களுக்கு இந்த ஓட்டம் கைவந்த பழக்கம், எங்கோ இரண்டும் முட்டும் என்று காத்திருப்பார்கள். இல்லத்துப் பிள்ளைகள் இரவில் பேசிப் பயப்படுகிற மோகினியையும் நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இதில் பலர் விடுகிற பிழை, கொலை நடந்த அமெரிக்கப் பகுதியை விழுந்து விழுந்து வாசித்துவிட்டு இரத்மலானை அத்தியாயங்களை மேலோட்டமாகத் தட்டிவிடுவது. முடிச்சு முழுக்க அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளில் யாருக்கு என்ன பிடிக்கும், யார் யாரைப்போல நடக்கிறாள் என்பதைக் கவனிக்காமல் போனால் முடிவு வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும். குறையும் உண்டு. பலோமா குடிப்பதும் திட்டுவதும் நடுப்பகுதியில் அளவுக்கு மிஞ்சித் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் ஐம்பது பக்கம் குறைத்திருக்கலாம். கெட்ட வார்த்தை தாராளம் என்பதால் பள்ளிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கிற புத்தகம் இல்லை. இதற்கு அடுத்து வந்த ‘யூ ஆர் இன்வைட்டட்’ கொழும்புப் பணக்காரக் கலியாண வீடு, பொழுதுபோக்குக்குப் போதும். பிரித்தானியர் காலத்துக் காட்டுக்கிராமத்தில் நடக்கும் ‘ஐலண்ட் விட்ச்’ (2024) திரில்லரைவிடப் பேய்க்கதைக்குக் கிட்ட.

ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும் என்பவருக்கு ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ எழுதிய ‘த டிவோஷன் ஒஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. 2005இல் ஜப்பானிய மொழியில் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பில் வசனங்கள் குட்டை, சொற்கள் எளிது. கொலைசெய்தது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் அதை எப்படி மறைக்கிறார் என்பதுதான் கதை. ஜப்பானியப் பெயர்கள்தான் ஆரம்பத்தில் குழப்பும்: இஷிகாமி ஆசிரியர், யுகாவா பௌதிகவியலாளர், குசநாகி பொலிஸ். இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. விஜய் அன்ரனி நடித்த ‘கொலைகாரன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அடித்தளம் கொஞ்சம் தெரிந்திருக்கும், ஆனாலும் வாசிக்கலாம்.

மூன்றாவது, 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’. செத்துப்போன புகைப்படப்பிடிப்பாளர் ஒருவர், தன்னைக் கொன்றது யார் என்று ஏழு இரவுக்குள் தேடுகிறார். மேலுலகம் வரிசையும் படிவமுமாக அசல் கச்சேரி (அரச அலுவலகம்) மாதிரியே இருக்கும், சிரிப்பு வரும். முழுக்க ‘நீ’ என்று முன்னிலையில் எழுதியிருப்பதால் முதல் முப்பது பக்கம் இழுபறி. இதை யாருக்குக் கொடுக்கிறோம் என்று மட்டும் யோசிக்கவேண்டும். கடத்தலும் உடலை மறைப்பதும் இதில் வெறும் கதைத் திருப்பமாக வருவதில்லை. கிளிநொச்சியில் 2017 மாசியில் தொடங்கிய காணாமலாக்கப்பட்டோர் உறவுகளின் போராட்டம் தெரிந்த ஊரில், அப்படியான வீட்டுக்கு ‘நல்ல விறுவிறுப்பு’ என்று சொல்லிக் கொடுக்கிற புத்தகம் இதுவல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

வாங்கும்போது ஒரு வேலை. பழைய புத்தகம் என்றால் பக்க எண்ணைப் புரட்டிப் பாருங்கள். அச்சகத்தில் பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு படிவமாக மடித்துச் சேர்ப்பார்கள். ஒன்று தவறினால் 32க்குப் பிறகு 49 வரும், அல்லது 17–32 இரண்டு தடவை இருக்கும். வேறு கதைப்புத்தகத்தில் இதைச் சமாளிக்கலாம். கொலைகாரன் யாரென்பது அந்தப் பதினாறுக்குள் இருந்தால் காசு போனது போனதுதான். கடைசித் தாள் அட்டையோடு சேர்ந்து கழன்றிருக்கிறதா என்பதையும் பாருங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் ஆங்கில நாவல்களில் கள்ளப் பதிப்பு அதிகம்: அட்டைப்படம் மங்கல், வரிகள் சரிந்திருக்கும், ஓரத்தில் எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். அவற்றின் பசை நம்முடைய சித்திரை வெயிலில் பஸ் ஜன்னலோரம் இரண்டு பயணம் தாங்காது, முதுகு வெடித்துத் தாள் தாளாகக் கழன்றுவிடும்.

இந்தியப் பதிப்பென்றால் பின்னட்டையில் உள்ள இந்திய ரூபாய் விலையைச் சுமார் மூன்றரையால் பெருக்கி இலங்கை ரூபாய்க்கு மாற்றி, அதற்கு மேல் கடைக்காரர் எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள். இரட்டிப்பாகச் சொன்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி வாசிக்கலாம். கடைசியாக வாசிப்பவரிடம் முடிவைச் சொல்லாமல் இருப்பது மற்றவர்கள் பொறுப்பு.