வயரிங் தம்பியா, எலெக்ட்ரீசியனா?

திருநெல்வேலி பேட்டை அரசு ஐடிஐயில் எலெக்ட்ரீசியன் படிப்பு 2 வருடம். மோட்டார் காயில் கட்டுவது, த்ரீ பேஸ், மெகர் (வயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதிப்பது, கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகிற எர்த் எடுப்பது எல்லாம் அதில் வரும். வீட்டு வயரிங் பயிற்சி சில மாதங்களில் முடிந்துவிடும்: பைப் பதிப்பது, வயர் இழுப்பது, சுவிட்சு போர்டு மாட்டுவது. அதைப் படித்த தம்பிமார் அந்த வேலையைச் சுத்தமாகவே செய்கிறார்கள், கூலியும் குறைவு.

வித்தியாசம் பழுது வரும்போதுதான் தெரியும். போன ஐப்பசி மழையில் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் ஆர்சிசிபி என்கிற பாதுகாப்பு சுவிட்சு விழுந்து கரண்ட் நின்றுகொண்டே இருந்தது. 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே விழுந்து உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது. வந்த தம்பி, "இதுதான் அண்ணாச்சி தொந்தரவு" என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டான். கரண்ட் வந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

அப்புறம் வந்த ஐடிஐக்காரர் ஒவ்வொரு லைனாகப் பிரித்து மெகரில் பார்த்தார். பின்கட்டு வாஷிங் மெஷின் போர்டைத் திறந்தால் உள்ளே ஒரே ஈரம். எர்த்துக்கான பச்சை வயர் எதிலும் சேராமல் சுருட்டிக் கிடந்தது. அந்த மெஷினைத்தான் என் பிள்ளைகள் ஈரக்கையோடு தொடுவார்கள்.

தம்பி மேல் கோபமில்லை, அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் இருவருக்கும் எலெக்ட்ரீசியன் என்று ஒரே பெயர் கூடவே கூடாது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியமே மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர் என்று தனித்தனியாகத்தான் சான்று தருகிறது. மாடி கட்டும்போது வயர் இழுக்க அந்தத் தம்பியையே கூப்பிடுவேன். எர்த்துக்கும் மெயின் போர்டுக்கும் ஐடிஐக்காரர்தான்.