அச்சு மோனோபோல் ஆன்டெனா: மைக்ரோஸ்டிரிப் ஃபீடா, சிபிடபிள்யூ ஃபீடா?

10 மி.மீ. ஆரமுள்ள செம்பு வட்டம்தான் ஆன்டெனா; அது 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடியிழைப்) பலகையில். அதற்குச் சிக்னல் கொண்டுவரும் கோடுதான் ஃபீட். மைக்ரோஸ்டிரிப்பில் கோடு முன்பக்கம், கிரவுண்ட் எனும் தரைச் செம்பு பின்பக்கம்; சிபிடபிள்யூவில் (கோப்ளேனர் வேவ்கைடு) கோடும் அதன் இருபுறக் கிரவுண்டும் ஒரே முகத்தில். இதை இரண்டு ஃபீடிலும் வரைந்து, கிரவுண்டைச் சரிசெய்து சிமுலேட் செய்தால், 2002இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி திறந்துவிட்ட 3.1–10.6 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு இரண்டுமே தேறிவிடும். பலகை கைக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். செய்முறைப் பிழை ஒரு ஃபீடில் ஓரிடத்தில் கடிக்கும், மற்றதில் வேறிடத்தில்.

பட்டையின் கீழ் எல்லையைத் தீர்மானிப்பது ஃபீட் அல்ல, உருவத்தின் அளவு. வட்டத்தின் உயரம் 2 செ.மீ., அதே பரப்புள்ள உருளையின் ஆரம் 0.25, வட்டத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி 0.03, எல்லாம் செ.மீ.தான். கூட்டினால் 2.28. சப்ஸ்ட்ரேட்டுக்காக (பலகைப் பொருளுக்காக) 1.15ஆல் பெருக்கி, சூத்திரத்தின் மாறாத எண்ணான 7.2ஐ அதனால் வகுத்தால் 2.75 கிகாஹெர்ட்ஸ். இது தோராயம்தான். கிரவுண்டும் சேர்ந்தே கதிர்வீசுவதால், பலகையை அளவுக்கு மீறிச் சுருக்கினால் இந்த எண் மேலே ஏறிவிடும்.

இனி அந்த 0.3 மி.மீ. இடைவெளிக்கு வருவோம். மைக்ரோஸ்டிரிப்பில் வட்டம் முன்பக்கம், கிரவுண்ட் பின்பக்கம். இருபக்கத்துக்குமான வரைபடம் பதித்த இரண்டு பிலிமையும் கையால் பொருத்தும்போது 0.2 மி.மீ. நழுவினால் இடைவெளி 0.1 ஆகலாம், 0.5 ஆகலாம். மின்மறுப்புப் பொருத்தம் கெட்டு, நடுப்பட்டையில் எஸ்11 (ஆன்டெனா திருப்பி அனுப்பும் சிக்னலின் அளவு) மைனஸ் 10 டெசிபெலைத் தாண்டி மேலே வந்துவிடும். சிபிடபிள்யூவில் எல்லாமே ஒரே முகத்தில், ஒரே பிலிமில் இருப்பதால் இந்தத் தொல்லை அறவே இல்லை.

ஆனால் அதற்கு வேறு தலைவலி உண்டு. 50 ஓம் மின்மறுப்புக்கு 3 மி.மீ. அகலக் கோடும் அதன் இருபுறமும் சுமார் 0.3 மி.மீ. பிளவும் வேண்டும். செம்பை அரிக்கும் அமிலம் ஒவ்வொரு விளிம்பிலும் 35 மைக்ரான் கூடுதலாகத் தின்றால் பிளவு 0.37 ஆகும், மின்மறுப்பு ஏறத்தாழ 3 ஓம் கூடும். மைக்ரோஸ்டிரிப்பின் 3 மி.மீ. கோட்டுக்கு அதே பிழையால் ஒரு ஓம்கூட மாறாது. பிலிமிலேயே பிளவை 0.23 என்று வரைந்து ஈடுகட்டலாம், அரிப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி நடந்தால்.

கனெக்டர் பற்றவைப்பில்தான் சிபிடபிள்யூ ரொம்பப் படுத்தும். பலகை விளிம்பில் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டருக்கு நான்கு கால்கள். பின்பக்கம் செம்பே இல்லாததால் கீழ்க்கால் இரண்டுக்கும் வேலையில்லை. மேல்கால் இரண்டையும் இரு கிரவுண்டிலும் சமச்சீராகப் பிடிக்க வேண்டும். ஒருபக்கம் பற்று அரைகுறையானால் இரண்டு கிரவுண்டும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்காது. வேண்டாத ஸ்லாட்லைன் மோடு (இரு கிரவுண்டுக்கும் இடையே ஓடும் அலை) கிளம்பி, கதிர்வீச்சு வடிவம் ஒருபக்கமாகச் சாயும். ஈயம் பிளவில் ஓடி ஷார்ட் ஆவதும் இங்கேதான். மெல்லிய முனை, குறைந்த ஈயம், முடித்ததும் லென்ஸில் ஒரு பார்வை. மைக்ரோஸ்டிரிப்பில் நடுமுள் மேலே, கீழ்க்கால் இரண்டும் பின் கிரவுண்டில், வேலை முடிந்தது.

திருத்தும் வசதியிலும் மைக்ரோஸ்டிரிப்புக்கே என் ஓட்டு. உயர் அலைவெண்ணில் பொருத்தம் போதாவிட்டால், ஃபீட் கோட்டுக்கு நேர் பின்னே கிரவுண்டின் மேல்விளிம்பில் சின்னச் செவ்வகம் ஒன்றைக் கத்தியால் வெட்டி எடுத்துப் பார்க்கலாம். முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம். சிபிடபிள்யூவில் கிரவுண்டின் உள்மூலைகளைச் சீவ வேண்டும். கத்தி சறுக்கினால் ஃபீட் கோடே போய்விடும்.

வைஃபை குறுக்கீட்டைத் தவிர்க்க வட்டத்தில் யு வடிவ ஸ்லாட் வெட்டுவதில் இரண்டுக்கும் ஒரே கணக்கு: 5.5 கிகாஹெர்ட்ஸில் மொத்த நீளம் சுமார் 16.6 மி.மீ.

எதைச் செய்தாலும் அளக்கும்போது கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே எஸ்11 கோடு துள்ளினால் கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடுகிறது, கிரவுண்ட் போதவில்லை. அப்போது திரையில் தெரியும் கூடுதல் பட்டை அகலம் கேபிள் தந்தது, ஆன்டெனாவுடையது அல்ல.

வளையும் பிளாஸ்டிக் தாளில் ஒரு முகத்தில் மட்டும் அச்சிடுவதென்றால் சிபிடபிள்யூவேதான். ரேடியோ சிப்புடன் ஒரே பலகையில், அடியில் முழு கிரவுண்ட் அடுக்கோடு வருவதானால் மைக்ரோஸ்டிரிப். சிபிடபிள்யூ ஃபீடின் அடியில் அந்த அடுக்கு நுழைந்தால் மின்மறுப்பு இறங்கிவிடும். போட்ட பிளவுக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.