பிளக்கில் செருகும் சோலார்: இரண்டு கோடைக்குப் பிறகு

பால்கனிக் கம்பியில் இரண்டு பேனல், பின்னால் 800 வாட் மைக்ரோ இன்வெர்ட்டர் (பேனல் தரும் டிசி கரண்டை வீட்டு ஏசி கரண்டாக மாற்றும் சின்னப் பெட்டி), அதிலிருந்து ஒரு வயர் நேராகச் சுவர் பிளக்குக்கு. என் மின் நிலையம் இவ்வளவுதான்.

வாங்கும்போது எரிச்சலைக் கிளப்பியது விதிமுறைகள். ஜெர்மனியில் இன்வெர்ட்டர் வரம்பை 600 வாட்டிலிருந்து 800 ஆக்கியதே 2024 மே மாதம்தான். அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2025-இல் 1,200 வரை விட்டது. ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கிற அளவு கரண்டுக்கு ஏன் இந்தக் கெடுபிடி என்று நினைத்தேன்.

காரணம் சுவருக்குள் இருக்கிறது. 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) தன் வழியாகப் போகிற கரண்டை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். அதே லைனில் இன்வெர்ட்டர் இன்னொரு 3.5 ஆம்பியரைத் தள்ளினால், வயரின் ஒரு பகுதியில் 19.5 ஆம்பியர் ஓடினாலும் எம்சிபி ட்ரிப் ஆகாது. 800 வாட் வரை வயர் பொதுவாகச் சமாளித்துவிடும். இரண்டாவது செட்டையும் அதே லைனில் செருகினால் வயர் சூடாவது யாருக்கும் தெரியாது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது என்று மேனுவலில் தடித்த எழுத்தில் இருந்தது. வயர் எட்டவில்லை, செருகிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பிடுங்கினால் பிளக் முள் சுடுகிறது, ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்டிக் டீக்கறை நிறத்தில் இருக்கிறது. 3.5 ஆம்பியர் சின்னதுதான். ஆனால் வெயில் அடிக்கிற நேரம் முழுக்க நிற்காமல் ஓடும், லூசான காண்டாக்ட் அதைத் தாங்காது. மறுநாளே நீள வயர் வாங்கினேன் (என் மனைவி இன்னும் அந்தப் பாக்ஸைத் தூக்கிப் போட விடவில்லை, சாட்சியாம்).

கரண்ட் போனால் இதுவும் அணைந்துவிடும். வெயில் கொளுத்தும்போது ஃபேன் நிற்பது கடுப்புதான். ஆனால் அணையாவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பியில் கை வைப்பவருக்கு என் பேனல் ஷாக் கொடுக்கும்.

என்னிடம் இருந்தது சக்கரம் சுற்றும் பழைய மீட்டர். முதல் வாரம் மதியத்தில் அது பின்பக்கமாகச் சுற்றியதை நின்று ரசித்தேன். பேனலைப் பதிவு செய்ததும் மீட்டரை மாற்றிவிட்டார்கள். புது மீட்டர் பின்னோக்கிப் போகாது, மிச்சம் வெளியே போனால் தர்மம்தான். அதனால் வாஷிங் மெஷின் இப்போது மதியம்தான் ஓடுகிறது.

மேகம் கவிந்த நாளில் ஃபிரிட்ஜுக்கே பற்றாது. அப்புறம், காற்றுக்காலம் வருமுன் கிளாம்ப் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிவிடுகிறேன். போன தடவை ஒன்று விரலாலேயே சுற்ற வந்தது, கீழே நடைபாதை.