வேட்டைப் பை கையால தைக்கிறதுன்னா உள்தையலா வெளித்தையலா, லினனா பாலியெஸ்டரா?

பென்சில்வேனியால கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட பிளின்ட்லாக் துப்பாக்கிக்குன்னே, அதாவது சின்னக் கல்லு இரும்புல உரசுற தீப்பொறியில வெடிக்கிற பழைய துப்பாக்கிக்குன்னே, ஒரு மான் சீசன் வரும். பனியில நின்னுக்கிட்டு ஒவ்வொரு வெடிக்கும் கரிமருந்து அளந்து போட்டு, துணியில வச்ச ஈயக்குண்ட குழல் வாய் வழியா உள்ள இறக்கணும். அப்போ கண்ணு மான் மேல இருக்கும், விரல் மட்டும் தோள்ல தொங்குற தோல் பைக்குள்ள தேடிக்கிட்டு இருக்கும். அதனால பை பாக்க எப்படி இருக்குங்கறத விட, உள்ள போற கை எதுல இடிக்குது, எதுல சிக்குதுங்கறதத்தான் நான் முதல்ல பாப்பேன். கீழ சொல்றது எல்லாமே அந்த கணக்குலதான்.

தோல்ல பெரிய குழப்பம் வேண்டாம், வெஜ் டேன், அதாவது மரப்பட்டையால பதனிட்ட தோல் எடுத்துக்குங்க. குரோமிய உப்புல பதனிட்ட குரோம் தோல் மலிவு, மெத்துன்னு இருக்கும், ஆனா ஓரத்தைத் தேய்ச்சா இறுகி பளபளன்னு வராது, நனைச்சு வளைச்சு காயவச்சா அந்த வளைவு நிக்காது. அதுவுமில்லாம குரோம் பதனிடுறது வியாபாரத்துக்கு வந்ததே 1880-கள்லதான், 1770-கள்ல இருந்த மாதிரி பை வேணும்னு உக்காந்துட்டு அதை எடுக்கறதுல அர்த்தம் இல்ல. வெஜ் டேன்னா நம்ம ஊர்ல ஆவாரம்பட்டை போட்டு பதனிட்டாங்களே அதே வழிதான், அங்க ஓக் மரத்துப் பட்டையும் ஹெம்லாக் மரத்துப் பட்டையும். பட்டையில இருக்குற டானின் தோல்லயே தங்கிடுறதால, வினிகர்ல இரும்புத் துண்டு ஊறவச்ச தண்ணியத் தடவுனா தோல் கறுத்துடும், சாயமே தேவையில்ல. கலம்காரியில கடுக்காய் ஏத்துன துணி மேல இரும்புக் கரைசல் பட்டு கருப்பாகுதே, ரெண்டுக்கும் ஒரே வேதியியல், இதை முதல்ல செஞ்சு பாத்தப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம். விலங்கோட மூளையத் தேய்ச்சு பதனிட்டு புகை காட்டுன மான் தோலும் சிலர் எடுப்பாங்க, தொட்டா விடவே மனசு வராது, ஆனா அது நீளும். .50 காலிபர், அதாவது அரை இஞ்ச் குழலுக்கான குண்டு ஒண்ணு கிட்டத்தட்ட 11.5 கிராம், இருபது குண்டுன்னா 230 கிராம், அதோட துப்பாக்கிக் கல்லு, திருப்புளி எல்லாம் சேந்து கொஞ்ச நாள்ல பை அடியில தொங்க ஆரம்பிச்சிடும். வெஜ் டேன் தோலோட தடிமன், கடையில சொல்ற கணக்குல 3-4 அவுன்ஸ், அதாவது 1.2-ல இருந்து 1.6 மில்லிமீட்டர் போதும்.

இப்போ முக்கியமான இடம். உள்தையல்ங்கறது பையை உள்வெளியா வச்சு தைச்சுட்டு அப்புறம் திருப்பறது. வெளித்தையல்ல தோலோட நல்ல பக்கம் வெளிய இருக்கற மாதிரியே வச்சு ஓரத்துல தைக்கறது, திருப்பற வேலை இல்ல. வெளித்தையல் சுலபம், கனமான தோலையும் தாங்கும், உள்ள வழுவழுன்னு ஒரு தடையும் இருக்காது. என்னோட அளவுகோல் படி பாத்தா இதுதான் ஜெயிக்கணும், நானும் முதல் பையை அப்படித்தான் தைச்சேன். ஆனா நூல் முழுக்க வெளிய தெரியும், முள்ளுச்செடி, வேலி, துப்பாக்கிக் கட்டைன்னு எல்லாத்துலயும் உரசும், ரெண்டாவது சீசன்லயே கீழ் மூலையில நூல் தேஞ்சு போச்சு. உள்தையல்ல நூல் பத்திரமா உள்ள இருக்கும், ஆனா 5 மில்லிமீட்டர் ஓரம் ரெண்டு பக்கமும் உள்ள நிக்கும், சின்னக் கல்லு அந்த இடுக்குல போய் ஒளிஞ்சுக்கும், குளிர்ல விறைச்ச விரலுக்கு அதை எடுக்கறது பெரிய பாடு.

இதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, அதுல போன பிறகு நான் மாறவே இல்ல. ரெண்டு தோலுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான பட்டைத் தோல் வச்சு, அதுக்கு வெல்ட்னு பேரு, மூணையும் சேத்து உள்வெளியா தைச்சு திருப்பணும், அப்போ அந்தப் பட்டையோட விளிம்பு மட்டும் வெளிய எட்டிப் பாக்கும், உரசல் எல்லாம் அதுக்குத்தான் விழும், நூலுக்கு இல்ல. உள்ள இருக்கற ஓரத்தை 3 மில்லிமீட்டருக்கு வெட்டி, நனைச்சு, மழுங்கலான மரக்குச்சியால ஒரு பக்கமா படுக்க வச்சுட்டா இடுக்கும் பெரும்பாலும் போயிடும். மூலைய மட்டும் கூரா வெட்டாதீங்க, நல்லா வளைவா வெட்டுங்க, கூர் மூலை திரும்பவே திரும்பாது. 2 மில்லிமீட்டருக்கு மேல கனமா இருந்தா இந்த முறைய விட்டுட்டு வெளித்தையலுக்கே போங்க, கை வலிதான் மிஞ்சும்.

தையல்ல சேடில் ஸ்டிட்ச்சுக்கும் மெஷின் தையலுக்கும் என்ன வித்தியாசம்னு கேப்பாங்க. மெஷின்ல மேல் நூலும் கீழ் நூலும் நடுவுல கொக்கி போட்ட மாதிரி நிக்கும், ஒண்ணு அறுந்தா பக்கத்துல இருக்கறதும் தளர ஆரம்பிக்கும். சேடில் ஸ்டிட்ச்ல ஒரே நூலோட ரெண்டு முனையிலயும் ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலயும் ரெண்டு ஊசியும் எதிர் எதிரா போகுது, ஒரு பக்கம் தேஞ்சு அறுந்தாலும் இன்னொரு பக்கம் பிடிச்சுக்கும். என் முதல் பை மூலை தேஞ்சும் வாய் பிளக்காம நின்னதுக்கு அதுதான் காரணம். ஒத்த ஊசியில போற ஓடு தையல் அறுந்தா அவ்ளோதான், மூடியோட ஓரப்பட்டைக்கு வேணா அது போதும். 8 இஞ்ச் அகலம் 8 இஞ்ச் ஆழம்னா மூணு பக்கமும் 24 இஞ்ச், இஞ்சுக்கு 7 தையல்னா மொத்தம் 168, நூல் நாலு மடங்கு, அதாவது 8 அடி எடுங்க. எப்பவும் ஒரே பக்கத்து ஊசிய முதல்ல விடுங்க, ரெண்டாவது ஊசி முதல் நூலைக் குத்தாம பாத்துக்குங்க.

நூலுக்கு வந்தா, செயற்கை சினியூ, அதாவது விலங்கோட தசைநார் மாதிரி செஞ்ச செயற்கை நூல், பளபளன்னு மெழுகோட வரும், அறுக்கவே முடியாது, ஆனா பாத்தா பிளாஸ்டிக்னு தெரிஞ்சுடும். மெழுகு பூசுன பாலியெஸ்டர் உண்மையிலயே நல்ல நூல், அழுகாது, தினமும் மழையில போறவங்க அதையே எடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஆளிச்செடி நாருல செஞ்ச லினன்தான். நனைஞ்சா பலம் கூடும், ஊதி ஓட்டைய அடைக்கும், தேன்மெழுக நல்லா குடிக்கும். ஒரே விஷயம், ஈரமாவே சுருட்டி வச்சுட்டா அழுகிடும், வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து காயவைக்கணும்.

ஓட்டைக்கு வட்ட பஞ்ச் வேண்டவே வேண்டாம், அது தோலை வெட்டி எடுத்துடுது. பல்லு பல்லா இருக்கற உளி வேகமா போகும், இடைவெளி ஒரே மாதிரி வரும், ஆனா வெல்ட்டோட மூணு அடுக்குல சுத்தியல் கொஞ்சம் சாஞ்சாலும் பின்பக்கம் கோணிக்கும். வைர வடிவ குத்தூசி மெதுவுதான், ஒரு பைக்கு ரெண்டு சாயங்காலம் போயிடும், ஆனா அது கீறல் மாதிரிதான் விழும், நூல் போனதும் தோல் மூடிக்கும். உளியால மேல் தோல்ல லேசா அடையாளம் மட்டும் போட்டுக்கிட்டு குத்தூசியால தொளைக்கறது நான் பண்ற வழி.

வார் நீளத்தை மட்டும் கனமான குளிர் கோட்டைப் போட்டுக்கிட்டு அளங்க. வலது கைக்காரங்களுக்கு இடது தோள் மேல போட்டு வலது பக்கம் தொங்கணும், பையோட வாய் முழங்கை உயரத்துல நின்னா சரி, அதுக்கும் கீழ போனா நடக்கறப்ப தொடையில அடிக்கும், குண்டு குலுங்கற சத்தம் மானுக்குக் கேட்டுடும்.