ரைபிள் லைட்டுக்கு ரிமோட் ஸ்விட்ச் வாங்கப் போறீங்களா? 164 டாலர் பறிகொடுத்தவன் சொல்றேன், படிச்சிட்டு வாங்குங்க

164 டாலர். அத வாங்கிக்கிட்டு ஒரு போலி ஸ்விட்ச்ச என் தலைல கட்டிட்டாங்க. இன்னைக்குக் காலைல அந்தக் கடைலருந்து கடைசி மெயில் வந்துச்சு: "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." யாரக் கேட்டு முடிச்சாங்க? எனக்கு முடியல. டெக்சாஸ்ல ராத்திரி காட்டுப்பன்றி வேட்டைக்குப் போற நம்ம ஆளுங்க யாராவது அடுத்து அதே கடைல போய் நிக்கக் கூடாது, அதுக்காகத்தான் எழுதறேன்.

கடையோட பேர் போட மாட்டேன், வங்கில புகார் ஓடிட்டிருக்கு. ரைபிள் உதிரிச் சாமான் மட்டும் விக்கற ஆன்லைன் கடை. பெரிய சந்தைத் தளம் இல்ல. தனி வெப்சைட், சாட், போன் நம்பர், "நாங்களும் வேட்டைக்காரங்கதான்"னு ஒரு பக்கம் நெறைய எழுத்து. அந்த மாதிரி கடை.

இந்த ஸ்விட்ச் எதுக்குன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். ரைபிள்ல லைட்ட ஹேண்ட்கார்டோட (பேரல், அதான் குழலச் சுத்தி கை பிடிக்கற உறை) முன் நுனில மாட்டுவோம். பின்னாடி தள்ளி மாட்டினா வெளிச்சத்துல பேரலோட நிழல் விழும். ஆனா முன்னாடி போகப் போக லைட்டோட பின்பக்க மூடில இருக்கற பட்டன் கைக்கு எட்டாது, எட்டணும்னா பிடிய விடணும். அதனால அந்த மூடிய, அதான் டெயில்கேப், கழட்டிட்டு கேபிள் வச்ச டெயில்கேப் ஒண்ணு போடுவோம். கேபிளோட மறுமுனைல தட்டையா ஒரு ரப்பர் பேட். அத இடது கைக் கட்டைவிரல் இயல்பா உக்கார்ற எடத்துல ரயில்ல (ஹேண்ட்கார்டு மேல சாமான் மாட்டறதுக்குப் பள்ளம் வெட்டின உலோகப் பட்டை) மாட்டிட்டா, அழுத்தினா எரியும், விட்டா அணையும். நான் வாங்கினது ரெண்டும் சேந்தது: பேட அழுத்தற வரைக்கும் எரியும், டெயில்கேப்ல இருக்கற பட்டனத் தட்டினா நிலையா எரியும்.

சின்னச் சாமான்தான். ஆனா ராத்திரில அதுதான் கண்ணு. டெக்சாஸ்ல தனியார் நிலத்துல, நிலக்காரர் சம்மதம் இருந்தா, காட்டுப்பன்றிய ராத்திரியும் சுடலாம். 2019 செப்டம்பர்லருந்து அதுக்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். சட்டம் அவ்வளவு சுலபமா இருக்கறதாலயே பொறுப்பு முழுக்க நம்ம மேல விழுது. துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நாலு பாதுகாப்பு விதில கடைசி விதி என்ன? இலக்கு எது, அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு உறுதியாத் தெரியணும். மேய்ச்சல் நிலத்துல கறுப்பா அசையற எல்லாம் பன்றி இல்ல. வேலி தாண்டின கன்னுக்குட்டியா இருக்கலாம், பக்கத்துப் பண்ணை நாயா இருக்கலாம், மனுஷனா இருக்கலாம். தேடறதுக்குக் கைல தனி டார்ச் இருக்கு, ரைபிள நீட்டித் தேடக் கூடாது. ஆனா சுடலாமா வேண்டாமான்னு கடைசியா உறுதி பண்ற நேரத்துல அந்த லைட் எரிஞ்சே ஆகணும், அணைக்கணும்னா அணைஞ்சே ஆகணும்.

அதனாலதான் மலிவா எதையும் தேடல. பேர் போன தயாரிப்பாளரோட அசல் சாமான், 164 டாலர்னு போட்டிருந்துச்சு. மத்த எடத்துலயும் கிட்டத்தட்ட அதே வெலதான். வெல குறைவா இருந்தாத்தானே சந்தேகம் வரும்? இங்க வரல.

வாங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணினேன். எடுத்தவர் அவசரப்படல. லைட் எந்த மாடல், பேட்டரி சிஆர்123ஏ வகையா 18650 வகையான்னு கேட்டார். ஹேண்ட்கார்டு எம்-லாக்கா (நீளத் துளைல சாமான் மாட்டற வகை), மேல முழு நீளத்துக்குப் பிகாட்டினி ரயில் இருக்கான்னு கேட்டார். லேசரும் சேத்து மாட்டப் போறீங்களா, அப்படின்னா பிளக் வகை வேற, லேசர் கருவிங்க பலதுக்கு கிரேன் பிளக்னு ஒரு வகை, உங்க லைட்டுக்கு அது சேராது, தப்பா வாங்கிடாதீங்கன்னு அவரே எச்சரிச்சார். என் கை நீளத்தக் கேட்டுட்டு ஏழு அங்குல கேபிள் போதும், நீளமா வாங்கினா மிச்சம் தொங்கி எதுலயாவது மாட்டும்னார். விக்கறதுக்காக நீளமானத தள்ளிவிடலியே, இந்த ஆள் சொல்றத நம்பலாம்னு தோணுச்சு. கடைசியா, "ராத்திரி என் மகனோட போறப்ப என் ரைபிள்லயும் இதேதான் இருக்கு"ன்னார். பிள்ளையச் சொல்லி ஒருத்தர் சொல்றப்ப யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தப் பேச்சு முடியறதுக்குள்ள 164 டாலர் கார்டுலருந்து போயிடுச்சு.

அந்த ஒரு வரிய நெனச்சாத்தான் இப்ப ரத்தம் கொதிக்குது. சாமான் தெரியாதவன் ஏமாத்தினா ஒரு மாதிரி. அத்தனையும் தெரிஞ்ச ஒருத்தர் ஏமாத்தினார்.

பெட்டி பாக்க அசலாவே இருந்துச்சு. மாட்டறப்பவே பேடோட அடிக்கட்டை ரயில்ல லேசா ஆடுச்சு. பிகாட்டினி ரயில் 1995லருந்து ராணுவத் தர அளவு உள்ளது: பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், ஒரு பள்ளத்தோட நடுவுலருந்து அடுத்ததோட நடுவுக்கு 10.01 மில்லிமீட்டர். அந்த அளவுக்குச் செஞ்சது ஆடாது. காலிப்பர் வச்சுப் பாத்தேன், என் ரயில் சரியா இருந்துச்சு, அவங்க கட்டைதான் ஒல்லி. உடனே சாட்ல கேட்டேன். "கொஞ்ச நாள் போனா இறுகிடும்"னு பதில். உலோகம் எப்படிங்க தானா இறுகும்?

சுடற எடத்துல பகல்ல போட்டுப் பாத்தப்ப எரிஞ்சுது. பண்ணைல ராத்திரி கதை வேற. பன்றிக் கூட்டம் வைக்கோல் புல் நெலத்தக் கிளறிட்டிருக்குன்னு நிலக்காரர் கூப்பிட்டார், நானும் கூட வேல பாக்கற தம்பி ஒருத்தரும் போனோம். வேலி ஓரமா நாலஞ்சு உருவம். பேட அழுத்தினேன், பளிச்சுன்னு எரிஞ்சு, மங்கி, துடிச்சு, அணைஞ்சுது. இன்னும் அழுத்தினா மறுபடி எரியுது, விரல் கொஞ்சம் அசைஞ்சா போயிடுது. அது எதுன்னு தெரியறதுக்குள்ள இருட்டு. அந்தப் பக்கம் கன்னுக்குட்டிங்க வேலி தாண்டி வர்றது வழக்கம். சேஃப்டியப் போட்டு ரைபிள இறக்கிட்டேன். பன்றிங்க ஓடிடுச்சு, போகட்டும். திரும்பி நடக்கறப்ப தம்பி, "அண்ணா, லைட் எரியுது, அணைங்க"ன்னார். நான் பேடத் தொடவே இல்ல. அது தானா எரிஞ்சிட்டிருக்கு. தட்டிப் பாத்தேன், அணையல. ரெண்டு பேரும் நின்னு டெயில்கேப்பத் திருகிக் கழட்டித்தான் அணைச்சோம். ஆயிரம் லூமன் லைட்டோட கண்ணாடி எவ்வளவு சூடாகும்னு வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். பைக்குள்ள போட்டு மூடினப்புறம் அது தானா எரிஞ்சிருந்தா துணி பொசுங்கியிருக்கும்.

வீட்டுல மல்டிமீட்டர் வச்சு அளந்தேன். நல்ல ஸ்விட்ச்ச அழுத்தினா மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். இது அழுத்தத்துக்கு அழுத்தம் மாறுது, ஒரு ஓம்ங்குது, அப்புறம் மேல ஏறுது. ஒரு ஓம்தானேன்னு நெனைக்காதீங்க. என் லைட் மாதிரி பலதுல பேட்டரிலருந்து போற மொத்தக் கரண்ட்டும் இந்த ஸ்விட்ச் வழியாத்தான் ஓடுது. ரெண்டு சிஆர்123ஏ, ஒண்ணு 3 வோல்ட், சேத்து 6 வோல்ட். ஒன்றரை ஆம்பியர் ஓடறப்ப ஒரு ஓம் தடை வந்தா ஒன்றரை வோல்ட் அங்கயே போச்சு, கால்வாசி! அப்புறம் லைட் மங்காம என்ன செய்யும்? இதுக்கு நடுவுல பேடோட ஓரத்துல ரப்பர் தானா விட்டுக்கிச்சு. அந்த எடவெளி வழியா ஈரம் போகாதா?

பெட்டில இருந்த நம்பர படம் எடுத்து அசல் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். இந்த நம்பர் எங்களுது இல்ல, இந்தக் கடை எங்க அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரும் இல்லன்னு மரியாதையா பதில் போட்டாங்க. ஆக 164 டாலர் அசலுக்குக் குடுத்த காசு, கைல இருக்கறது போலி.

இனிமேதான் அசல் கூத்து. கடைக்கு எழுதினேன். பேட்டரி பழசா இருக்கும், மாத்திப் பாருங்கன்னாங்க. புதுசுதான்னேன். வேற லைட்ல போட்டுப் பாருங்கன்னாங்க. போட்டேன், அதே துடிப்பு. வீடியோ அனுப்புங்கன்னாங்க, அனுப்பினேன். வீடியோ தெளிவா இல்ல, பகல்ல எடுங்கன்னாங்க. ராத்திரிச் சாமானுக்குப் பகல் வீடியோ! எடுத்தேன். டெக்னிக்கல் டீம் பாக்குதுன்னாங்க. ஒவ்வொரு வாட்டியும் வேற ஒரு பேர்ல ஒருத்தர் வந்து, ஆர்டர் நம்பர்லருந்து முதல்ல சொல்லுங்கம்பாங்க. அன்னைக்குப் பேசினவரக் குடுங்கன்னா, அவர் சேல்ஸ், இதுக்குச் சம்பந்தம் இல்லம்பாங்க. மகனோட வேட்டைக்குப் போற அந்த மனுஷன் அப்புறம் ஒரு தடவகூட லைன்ல வரல.

இப்படி இழுத்தடிச்சு, 30 நாள் திருப்பித் தர்ற கெடு முடிஞ்ச உடனே ஒரு மெயில்: கெடு முடிஞ்சிடுச்சு. புகார் அதுக்குள்ள குடுத்தாச்சு, எழுத்துல இருக்குன்னேன். புகார் வேற, திருப்பறதுக்கான விண்ணப்பம் வேறயாம்! சரி, விதிவிலக்கா எடுத்துக்கறோம், மறுஇருப்புக் கட்டணம் (சாமானத் திரும்ப கடை இருப்புல சேக்கறதுக்கு) 20 சதவீதம், அதாவது 32 டாலர் 80 சென்ட் கழிச்சு, கடைக் கிரெடிட்டா தர்றோம்னாங்க. போலிய வித்துட்டு, அதத் திரும்ப எடுக்கறதுக்கும் என்கிட்டயே கட்டணம். மாட்டேன்னேன். அடுத்த பதில், பேடோட ஓரம் பிரிஞ்சிருக்கு, நீங்கதான் திறந்திருக்கீங்க, வாரண்டி ரத்து. நான் அனுப்பின படத்த வச்சே என்னத் திருடனாக்கிட்டாங்க. தயாரிப்பாளரோட மெயில அப்படியே அனுப்பினேன். அதுக்கு இன்னை வரைக்கும் ஒரு வரி பதில் இல்ல. நேரா "முடித்து வைக்கப்பட்டது".

கிரெடிட் கார்டு வங்கில எழுத்து மூலமா புகார் குடுத்திருக்கேன். கடை அங்கயும் பார்சல் போய்ச் சேந்த ரசீத மட்டும் நீட்டியிருக்கு. பார்சல் சேரலன்னு நான் எப்ப சொன்னேன்? மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்லயும், எஃப்டிசிலயும் (நுகர்வோர் புகார் வாங்கற மத்திய அரசு அமைப்பு) பதிஞ்சாச்சு. 164 டாலர் வருமான்னு தெரியாது, விடப் போறதில்ல.

விவரமா வழிமுறை எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. முக்கியமானத மட்டும் சொல்றேன்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி தயாரிப்பாளர் தளத்துல அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியல்ல அந்தக் கடை பேர் இருக்கான்னு பாருங்க. போன்ல எவ்வளவு தெரிஞ்சவர் பேசினாலும் சரி.

பெட்டி வந்த அன்னைக்கே மல்டிமீட்டர் வச்சு அளங்க, லேசா அழுத்தி ஒண்ணு, நல்லா அழுத்தி ஒண்ணு. கட்டை ரயில்ல ஆடினா அன்னைக்கே திருப்புங்க. புகார்னு எழுதாதீங்க, "திருப்பித் தர விண்ணப்பிக்கிறேன்"னு எழுதுங்க.

கிரெடிட் கார்டுலயே வாங்குங்க. வங்கிக்கு எழுத்துல புகார் போக, அந்தத் தொகை வந்த முதல் பில்லுலருந்து 60 நாள்தான் சட்டப்படி டைம். கடை இழுத்தடிக்கறது அந்த 60 நாளத் தின்னத்தான்.

போலி ஸ்விட்ச் ஏற்கனவே ரைபிள்ல இருந்தா இன்னைக்கே கழட்டி பழைய டெயில்கேப்பப் போடுங்க, லைட்ட மூடற பைல வைக்கறதுன்னா டெயில்கேப்ப ஒரு சுத்து தளத்தி வைங்க. என் ஆர்டர் பக்கத்தோட படம், தயாரிப்பாளர் பதில், மீட்டர் வீடியோ மூணும் எடுத்து வச்சிருக்கேன். அதே கடைகிட்ட மாட்டினவங்க தனியா எழுதுங்க, உங்க வங்கிப் புகாருக்கு உதவும்.