வார்ஃபெடேல் டயமண்ட் 12.1: நான்கு வருஷம் கேட்டபிறகு

பழைய ஸ்பீக்கரில் முதலில் வந்தது ஒரு கரகரப்பு. தவில் அடிக்கும்போது மட்டும் வரும். முன்பக்கத் துணியைக் கழற்றிப் பார்த்தால், ஒலியெழுப்பும் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. நாங்கள் இருப்பது சென்னையில், கடலுக்குப் பக்கத்தில். இந்த ஈரக்காற்றில் ஃபோம் பத்துப் பதினைந்து வருஷம் தாங்கினாலே பெரிது. அதனால் 2021இல் புதிது பார்க்கக் கிளம்பியபோது, வளையம் ரப்பராக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். ஜோடி 40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருந்தது, ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் 50 வாட் தரும்.

கடைக்கு அப்பாவும் வந்தார். வீட்டில் அதிகம் பாட்டுக் கேட்பது அவர்தான், அதுவும் கச்சேரி. கடையில் முதலில் ஒரு பெரிய ஜோடியைப் போட்டார்கள். பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது, எனக்குப் பிடித்தும் விட்டது. அப்பாதான், "தம்பி, சத்தத்தைப் பாதியாக் குறைங்க. வீட்ல நாங்க இவ்வளவு வெச்சுக் கேக்க மாட்டோம்" என்றார். குறைத்ததும் அந்த ஜோடியில் பாடகரின் குரல் எங்கோ பின்னால் போய்விட்டது. அடுத்து டயமண்ட் 12.1ஐ அதே அளவில் கேட்டோம். குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. "தம்புரா கேக்குதுடா" என்றார் அப்பா. எனக்கும் கேட்டது.

காதின் இயல்பு அப்படி. சத்தம் குறையும்போது கீழ் ஸ்தாயியும் உச்சமும்தான் நமக்கு முதலில் மங்கும். சத்தமாகப் போட்டால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் தோன்றும். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது ஒன்று துளி சத்தம் கூடுதலாக இருந்தாலும் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். அளவைச் சமன் செய்துதான் கேட்க வேண்டும்.

வார்ஃபெடேல் 1932இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கில்பர்ட் பிரிக்ஸ் தொடங்கிய பெயர். டயமண்ட் வரிசை எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வருகிறது. 12.1இல் 130 மில்லிமீட்டர் கூம்பு, உச்ச ஸ்தாயிக்கென்று 25 மில்லிமீட்டர் துணி ட்வீட்டர். உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, 88 டெசிபல்; மின்தடை 8 ஓம். 50 வாட் எங்கள் ஹாலுக்கு மிச்சம்தான்.

ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரம் மனசு கஷ்டமாகிவிட்டது. டிவி அலமாரியின் மேலேயே, சுவரை ஒட்டி வைத்திருந்தேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் பக்கம், ஒவ்வொரு அடிக்கும் 'பூம்' என்று வீங்கியது. இதன் காற்றுத் துளை பின்பக்கம் இருக்கிறது. சுவர் நெருக்கத்தில் இருந்தால் பேஸ் ஊதிப் பெருகும். இரும்பு ஸ்டாண்டின் விலையைக் கேட்டுவிட்டு, தெரிந்த ஆசாரியிடம் சொல்லி மரத்தில் இரண்டு அடி உயரத்துக்கு இரண்டு செய்தேன். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்துக்கு வந்தது. சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, இரண்டுக்கும் நடுவே ஆறரை அடி விட்டு, அதே தூரத்தில் நாற்காலி. 'த', 'தீம்' எல்லாம் தனித்தனியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் எதிரொலி. எங்கள் ஹால் 11க்கு 15 அடி, மொசைக் தரை, வெறும் சுவர். தரையில் ஒரு பவானி ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் கனமான திரை போட்டேன். வயலினில் இருந்த கூச்சல் அடங்கியது. இந்த இரண்டுக்கும் ஆன செலவில் கிடைத்த மாற்றம், ஸ்பீக்கருக்கு இன்னும் பத்தாயிரம் கூடக் கொடுத்திருந்தாலும் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

வயருக்கு ரிச்சி தெருவில் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வாங்கினேன், போதும். மாட்டும்போது ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறிவிட்டது. குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து, பேஸும் சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது. புது ஸ்பீக்கர் இப்படிக் கேட்டால் முதலில் வயரைப் பாருங்கள். உப்புக்காற்றில் வயர் நுனி பச்சை பூக்கும். வருஷத்துக்கு ஒருமுறை நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுகிறேன். மற்றபடி நான்கு வருஷத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ரப்பர் வளையம் வாங்கியபோது இருந்ததைப் போலவே இருக்கிறது.

இதற்கு எல்லை உண்டு. கீழ் ஸ்தாயியில் சுமார் 65 ஹெர்ட்ஸ் (எண் குறையக் குறைய ஒலி கீழே போகும்) வரைதான் இது முழு பலத்தோடு ஒலிக்கும். பேஸ் கிடாரின் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் திரைப்பாடல்களில் அந்த பேஸ் நடை புரியும், ஆனால் அதன் கனம் முழுதாக வராது. தவிலும் அப்படித்தான். ஹால் பெரிதாக இருந்தால், அல்லது இந்தக் கனம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், 165 மில்லிமீட்டர் கூம்புள்ள 12.2ஐக் கேட்டுப் பாருங்கள். குரல், வீணை, புல்லாங்குழல் என்று கேட்பவர்களுக்குத் தயங்காமல் 12.1ஐச் சொல்வேன்.

பேஸுக்கென்றே தனியாக ஒரு சின்ன சப்வூஃபர் சேர்க்கலாம் என்று ஆசை இருக்கிறது. கீழ்வீட்டில் இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது. அது கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளி வைத்திருக்கிறேன்.