நாமே பார்ப்பதா, ஆள் வைப்பதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா: இரவை வைத்து ஓர் ஒப்பீடு

அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று பகலை மட்டும் வைத்து முடிவெடுத்தேன். பெரிய தவறு. பகலில் அவள் தானே உடுத்திக்கொள்வாள், தானே சாப்பிடுவாள், குளிக்க மட்டும் கை கொடுத்தால் போதும். வேலைக்கும் போய்க்கொண்டு நானே சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

ராத்திரி இரண்டரை மணிக்குக் கட்டில் கிறீச்சிடும். எழுந்து ஓடினால் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருப்பாள். ஒன்று கிடைத்துவிடும், இன்னொன்று கட்டிலுக்கடியில் போயிருக்கும். ஒரு கை மெத்தையை அழுத்தியிருக்க, மறு கை பக்கத்து ஸ்டூலை நோக்கி நீளும். தொட்டாலே நகர்கிற ஸ்டூல் அது. "நீ தூங்கும்மா, நானே போய்க்கிறேன்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் விழும் ஆபத்து அதிகம். படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவர்கள் அதைக் கவனிக்க வேண்டிய இறக்கமாகக் கொள்கிறார்கள். தூக்க மாத்திரையும் சில பிரஷர் மாத்திரைகளும் இதை இன்னும் கூட்டும். கூடவே இருட்டு, அரைத்தூக்கம், அவசரம். அதனால் எந்த ஏற்பாட்டை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது, ராத்திரி விழித்திருக்கப்போவது யார் என்பதைத்தான்.

அடுத்து, எதற்கெல்லாம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். சிட்னி கட்ஸ் என்ற மருத்துவரின் குழு 1963-ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உதவுகிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். பெரும்பாலும் குளியல்தான் முதலில் கைவிட்டுப் போகும், சாப்பிடுவது கடைசியில். உங்கள் வீட்டுப் பெரியவர் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் எந்த ஏற்பாடும் சரியா, தவறா என்று சொல்ல முடியும்.

நாமே பார்ப்பதில் யாராலும் ஈடுசெய்ய முடியாத ஒன்று உண்டு: அவர்களுடைய வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பினால் அது வெறும் வயதால் வருவதல்ல. சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டிய மாற்றம் அது. புதிதாக வந்தவர் "இவங்க எப்பவுமே இப்படித்தான் போல" என்று விட்டுவிடக்கூடும். மகளோ மனைவியோ விடமாட்டார்கள்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை தூக்கமும் முதுகும். ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999-ல் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல்நலம் குன்றிய கணவனையோ மனைவியையோ பராமரித்து அதனால் நொந்துபோயிருந்த முதியவர்கள் நான்கு ஆண்டுக்குள் இறக்கும் அபாயம், அப்படிப் பராமரிக்கத் தேவையில்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் நொந்துபோகாதவர்களிடம் அந்தக் கூடுதல் அபாயம் தெரியவில்லை. எண்பது வயது அப்பா தனியாக அம்மாவைத் தூக்கிக்கொண்டிருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு பேர்.

ஆள் வைத்தால் வீடு மாறாது, கை மட்டும் கூடும். மறதிநோய் உள்ளவர்களுக்குப் பழகிய கதவும் பழகிய ஜன்னலும் பெரிய துணை. ஆனால் வீட்டோடு தங்கும் ஆள் என்றால் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருப்பார் என்று பொருளில்லை. அவரும் தூங்கியாக வேண்டும். ஒரே ஆளைப் பகலுக்கும் இரவுக்கும் வைப்பது அவருக்கும் கொடுமை, பெரியவருக்கும் ஆபத்து. அட்டெண்டரையும் நர்ஸையும் ஒன்றாக நினைக்கவும் கூடாது. குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்கவைக்கவும் அட்டெண்டர் போதும். ஊசி போட, சிறுநீர்க் குழாய் மாற்ற, புண்ணுக்குக் கட்டுப்போட நர்ஸ்தான் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினார். ஒரு வாரத்தில் தோள்வலி. அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதல் நாளே என்னையே கட்டிலில் உட்காரவைத்து எழுப்பிக் காட்டச் சொல்வேன். காலைத் தரையில் நன்றாக ஊன்றவைத்து, நெருங்கி நின்று, இடுப்பில் பிடித்து எழுப்புகிறவருக்கு வேலை தெரியும். படுத்தபடுக்கையாக இருப்பவர் என்றால் இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும், படுக்கைப்புண் வருகிறதா என்று குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் தினமும் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்கிறாரா என்றும் கவனிப்பேன்.

பகல்நேரக் காப்பகம் பேச்சுத்துணைக்கும் உடற்பயிற்சிக்கும் நல்லது, வேலைக்குப் போகிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். இரவுக்கு அது பதில் தராது.

முதியோர் இல்லம் என்றதும் "கொண்டுபோய் விட்டுட்டாங்க" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்து தள்ளிப்போட்டு, இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவசரமாக இடம் தேடுவது பெரியவருக்குத்தான் வேதனை. நல்ல இல்லத்தில் ராத்திரி முறை வைத்து ஆட்கள் விழித்திருப்பார்கள், சுவரெங்கும் கைப்பிடி இருக்கும், தூக்க இரண்டு பேர் வருவார்கள். குறையும் உண்டு. புது இடம் மறதிநோயாளியை ஆரம்பத்தில் இன்னும் குழப்பலாம். எழுவதும் உண்பதும் தூங்குவதும் இல்லத்தின் நேரப்படிதான். பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். இருட்டிய பிறகு போங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். யாராவது அழைப்புமணியை அடித்தால் எவ்வளவு நேரத்தில் யாராவது வருகிறார்கள் என்று அங்கேயே நின்று பாருங்கள்.

குளியலுக்கும் உடைக்கும் மட்டும் கை தேவையென்றால் நாமே பார்த்து, காலையில் சில மணி நேரம் ஆள் வைத்தால் போதும் என்பேன். ராத்திரி எழவேண்டியிருந்தால் கட்டிலருகே கமோடு நாற்காலி போடுங்கள், நீர் பிரியும் மாத்திரை இருந்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஆள் வைப்பதைப் பகலுக்கு முன் இரவுக்கு வையுங்கள். தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டாலோ, ராத்திரி கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார் என்றாலோ, வீட்டில் அந்த ஆள்பலம் இல்லாதபோது இல்லம்தான் நல்லது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

நாங்கள் வாரத்தில் நான்கு இரவுக்கு ஆள் வைத்தோம், மீதி மூன்றை நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். எல்லாம் முடிவான பிறகுதான் அம்மாவிடம் கேட்டோம். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். "யார் வந்தாலும் சரி, பெரிய லைட்டைப் போட வேணாம்னு சொல்லு, கண்ணு கூசி ஒண்ணும் தெரியமாட்டேங்குது" என்றாள். அன்றைக்கே கட்டிலுக்கடியில் ஒரு சின்ன விளக்கு பொருத்தினோம். இரண்டு செருப்பும் இப்போது அவள் கண்ணுக்குத் தெரிகின்றன.